புக்கிட் பாஞ்சாங்கில் செவ்வாய்க்காரர்கள்

படம் ஓட ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒலிபெருக்கி செத்துப்போனது. செவ்வாய்க் கிரகத்தார் பூமி மேல் படையெடுக்கும் படம் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் விட்டிருந்தார்கள். கொட்டகை கொள்ளாத கூட்டம், காது கிழியக் கூச்சல்.

முதலாளி சேக் தாவூது, மரியஅந்தோணியின் காதைக் கடித்தார். "கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா, நாளையிலேருந்து நீ பழையபடி ரப்பர் வெட்டத்தான் போகணும்."

ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் புக்கிட் பாஞ்சாங்கில், இங்கிலீஷ் படத்துக்குத் தமிழில் கதை சொல்வதுதான் அந்தோணியின் உத்தியோகம். 'எஸ் சார்', 'நோ சார்' இரண்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்கு மேல் இங்கிலீஷ் தெரியாது என்று அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ரப்பர்த் தோட்டத்து அட்டைகள் நினைவுக்கு வந்தன. தகரக் குழலை வாயில் வைத்தார்.

"செவ்வாய்க்காரங்க வாயால பேச மாட்டாங்க! மனசாலேயே பேசிக்குவாங்க!"

திரையில் முகமூடி போட்ட நாலு பேர், கையில் குழாயோடு லாரியிலிருந்து குதித்தார்கள்.

"என்ன லா, லாரியில வர்றானுங்க?" என்றாள் கடலை விற்கும் சந்திரமதி.

"பறக்கும் தட்டு ரிப்பேர்!"

முகமூடிகள் ஒரு வீட்டுக்குள் புகுந்து புகையடித்தன. வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள்.

"அவளுக்குப் பயமே இல்லையே?"

"வசியம் பண்ணிட்டாங்க!"

ஒருவன் முகமூடியைக் கழற்றி, அவள் கொடுத்த டீயைக் குடித்தான்.

"அட, இவன் மனுசன்!"

"மனுச வேஷம்! உள்ள பச்சை ரத்தம் ஓடுது!"

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், ஆறு காலும் ஊசி மூக்குமாக ஒன்று திரை முழுக்க வந்து நின்றது.

"இவருதான்... அவங்க ராஜா," என்றார் அந்தோணி.

"யோவ், அது கொசு!"

"படமெடுக்கிறவன் கையில காசில்ல தாயி! கிடைச்ச கொசுவுக்குப் பட்டாபிஷேகம் பண்ணிட்டான்!"

கொட்டகை சிரித்து உருண்டது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் பக்கத்து ஊர்களான உட்லண்ட்ஸிலிருந்தும் சுவா சூ காங்கிலிருந்தும் சைக்கிள் சைக்கிளாக வந்து இறங்கினார்கள். ராஜா தலைகாட்டியதும் விசில் பறந்தது. வாசகசாலைச் செயலாளர் சுப்பிரமணியம் ஒருபடி மேலே போய், "நம்ம ரத்தத்தை உறிஞ்சுற வெள்ளைக்காரன்தான் அந்தக் கொசு. இதெல்லாம் படிச்சவனுக்குத்தான் புரியும்" என்றார். உடனே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒலிபெருக்கியைச் சரிசெய்ய வந்தவரை முதலாளி வாசலோடு விரட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் முதலாளியே அந்தோணிக்கு மாலை போட்டார். "இவ்வளவு இங்கிலீஷ் படிச்சவன் இந்தத் தீவுலயே கிடையாது!"

கைதட்டல் ஓய்ந்தபோது, படப்பெட்டி லாரி ஓட்டும் ரவூப் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே, பெட்டி மாறிப்போச்சு. இது கொசு மருந்து அடிக்கக் கத்துக்குடுக்குற படம். உங்க செவ்வாய்ப் படத்தைச் சுகாதார ஆபீசுல மருந்தடிக்கப் படிக்கிறவங்களுக்கு மூணு நாளாப் போட்டுக் காட்டி, பரீட்சையும் வெச்சுட்டாங்க. அத்தனை பேரும் பாஸ்!"