பல்லில்லாத சாவி

ஒரு பொருளைக் கையில் தருமுன் அது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கப்படுத்தாவிட்டால் மூச்சு முட்டிப்போகிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. குடையை இரவல் கேட்டுப் பாருங்கள்; கம்பியின் கதை முடிவதற்குள் மழை விட்டிருக்கும். யட்டியாந்தோட்டை பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த பழனிமுத்து இந்த இனத்துக்கே தலைவர்.

2003இல் டுபாயிலிருந்து மகன் ஒரு காந்தப் பூட்டு அனுப்பினான். அதை எங்கே போடுவது? அலுமாரியில் போட்டால் யார் பார்ப்பார்கள்? பஜாருக்கு வரும் தோட்டத்துச் சனமெல்லாம் உரிமையோடு போய்வந்த, கடைக்குப் பின்னாலுள்ள கக்கூசில் போட்டார். இனிச் சாவிக்கு அவரிடம்தான் வரவேண்டும். வந்தால் தப்ப முடியாது.

ஒரு நாள் மருதாயி வந்தாள். ரப்பர் தோட்டத்திலிருந்து விடியப் புறப்பட்டு, வழியில் பிளேன்டீ குடித்து, ஆஸ்பத்திரி வரிசையில் மதியம்வரை நின்று, கால்களைப் பின்னிக்கொண்டு சாவி கேட்டாள்.

அவர் சாவியை உயர்த்திப் பிடித்தார். பல் ஒன்றாவது இருக்கிறதா பார் என்றார். பூட்டுக்குள் குட்டிக் காந்த ஊசிகள் குறுக்கே நின்று உருளையை மறிக்கின்றன, சாவிக்குள்ளும் காந்தப் பொட்டுகள் இருக்கின்றன, ஊசியின் வடதுருவத்துக்கு நேரே சாவியின் வடதுருவம் வந்தால் ஊசி விலகிப் பூட்டுத் திறக்கும், ஒரு பொட்டு மாறினாலும் அசையாது என்று விரித்தார். வழக்கம்போல, உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துச் சாவியில் உரசியும் காட்டினார். மருதாயி கால் மாற்றி நின்றாள்.

"ஒரே சாதி ஒண்ணையொண்ணு தள்ளும் மருதாயி. அதான் சூட்சுமம்."

"எங்க தோட்டத்துத் தொழிலாளர் சங்கத்துலயும் அப்படித்தாங்க மொதலாளி. தொறங்க."

பூட்டுத் திறக்கவில்லை. திறக்குமா? வந்தவர் போனவருக்கெல்லாம் உரசிக் காட்டியதில் பொட்டுகள் தம் துருவத்தை மறந்திருந்தன. பல்லில்லாத சாவிக்கு நினைவும் போய்விட்டது. அவர் அதை ஊதினார், துடைத்தார், மறுபடி உரசினார். மருதாயி தகரக் கதவுக்குத் தோள் கொடுத்துக் கீலோடு தூக்கினாள், உள்ளே போனாள், கதவை இழுத்துச் சாத்திப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே பழனிமுத்துவுக்குக் காரணம் விளங்கிவிட்டது. பரவசம். காந்தம் காந்தத்தைக் கெடுக்கும் விதத்தைக் கதவிடுக்கில் வாய் வைத்து விளங்கப்படுத்தத் தொடங்கினார். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை.

பிறகு குரல் மட்டும் வந்தது. "மொதலாளி, நீங்க அந்தப் பக்கம் போனாத்தாங்க எனக்கு வரும்."

போனாரா? இன்னும் ஒரேயொரு விஷயம் என்றார்.

சிரிக்கிறீர்கள். ஆனால் ஸ்பீக்கரில் உரசினால் எல்லாக் காந்தமும் கெடாது, அது காந்தத்தின் வகையைப் பொறுத்தது என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வாய் திறந்துவிட்டீர்கள், இல்லையா? அவருக்கு அவசரமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.