தொண்டைக்கதிருக்கு வைத்தியம்

வேலை போனவனுக்கு முதலில் தூக்கம் வராது. பிறகு யோசனை வரும். தூக்கம் வராததே தேவலை.

பெங்களூரில், மருத்துவமனைகளுக்காக நோயாளிகளிடம் பேசும் செயலி செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலை என் அடையாள அட்டையைக் கதவு ஏற்க மறுத்தது (வாசலில் நின்று அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தேய்த்தேன், அசடு). வலங்கைமானுக்குத் திரும்பி வந்து, அதே வித்தைக்குத் தோளில் பச்சைத் துண்டு போட்டு 'வரப்புத் தோழன்' என்று பெயர் வைத்தேன். விவசாயி கேட்டால் போதும், போன் பதில் சொல்லும். நான் தொழிலதிபர்!

முதல் போட வேண்டியவர் என் மனைவி மலரின் அண்ணன். பட்டுக்கோட்டையில் கொப்பரை மண்டி வைத்திருப்பவர். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்:

"ஊரைக் கூட்டி ஒருதரம் ஓட்டிக் காட்டுங்க மாப்ள. ஊரு சிரிக்கலேன்னா நான் பணம் போடுறேன். சிரிச்சா, நீங்க மண்டிக்கு வந்துடணும்."

கல்யாண மண்டபம் நிறைந்தது. ஒன்றியச் செயலாளர் தலைமை. எனக்குப் போர்த்தப் பொன்னாடையும் தயார். சிங்காரவேலு சித்தப்பாவிடம் மைக்கைக் கொடுத்து, "வீட்ல பேசுற மாதிரி பேசுங்க சித்தப்பா" என்றேன். பேசினார்.

"அம்மாடி, பயிரு தொண்டைக்கதிர்ல நிக்குது. ஆத்துல தண்ணி இல்ல. என்ன பண்ணலாம்?"

கதிர் வெளியே வராமல் தாளுக்குள்ளேயே நிற்கும் பருவம் தொண்டைக்கதிர். அப்போது காய்ந்தால் அத்தனையும் பதர். டெல்டாவில் பிறந்த எனக்குத் தெரியும். செயலிக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை. அதன் காதில் விழுந்தது தொண்டை மட்டும்.

"கவலை வேண்டாம்," என்றது தேன் குரல். "வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கவும். இரண்டு நாள் யாரிடமும் பேச வேண்டாம்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏம்ப்பா, உப்பு வேதாரண்யத்துலேர்ந்து லாரியில வருமா?"

மண்டபம் அதிர்ந்தது. நான் மைக்கைப் பிடுங்கி, "பயிர்! பயிர்!" என்று கத்தினேன்.

"நன்றி. நோயாளியின் பெயர் பயிர். வயது என்ன?"

மைக்கைத் திரும்ப வாங்கிய சித்தப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "ரெண்டரை மாசம் ஆச்சும்மா."

"குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கவும்."

அதற்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. ஒன்றியச் செயலாளர் எனக்கு வைத்திருந்த பொன்னாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மலர் தலையைக் குனிந்திருந்தாள். அழுகிறாள் என்று பதறிப்போய்ப் பார்த்தால், தோள் குலுங்கியது சிரிப்பில். சித்தப்பா மட்டும் என் கையைப் பிடித்து, "அந்தப் பொண்ணு அக்கறையாத்தான் விசாரிச்சுது தம்பி" என்றார்.

மச்சான் சிரிக்கவே இல்லை. காரில் ஏறும்போது, "திங்கக்கெழம காலையில வந்துடுங்க மாப்ள" என்றார். கார் தெருமுனை திரும்பியதும் உள்ளேயிருந்து வெடித்துக் கிளம்பிய சிரிப்பு, மண்டப வாசல் வரை கேட்டது.

இன்று கொப்பரையை உடைக்கும் சத்தத்தை வைத்தே காய்ச்சல் போதுமா என்று சொல்லிவிடுவேன். மண்டியில் கதவு திறந்தே இருக்கிறது, அட்டை கேட்பதில்லை. ஆனால் வீட்டில் எங்கள் மகள் லேசாக இருமினால் போதும், அடுக்களையிலிருந்து மலரின் குரல் வந்துவிடும்:

"என்னங்க, இவ தொண்டைக்கதிர்ல நிக்கிறா. ஓடிப்போய் மோட்டாரப் போடுங்க!"