வால் மட்டும் கவர் ஆகும்

ஒரு காட்டில், அதுவும் சொந்தக் காடு இல்லை, கடல் தாண்டிப் பிழைக்கப் போன காடு, மாயழகு என்றொரு கரடி தேன் கம்பெனியில் டின் அடுக்கிக்கொண்டிருந்தது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இல்லாத வெளிக்காட்டு மிருகத்துக்கு விசா புதுப்பிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். உள்ளூர்ச் சிங்கத்துக்குச் சளி பிடித்தால் மட்டும் அரசாங்கமே வந்து மூக்கைத் துடைத்துவிடும். நமக்கெதற்கு அந்த வம்பு.

மாயழகுக்கு வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி சுருக்கென்று குத்தும். பித்தப்பையில் கல். ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டதற்கு, "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்ப்பா" என்று எல்லாம் ஒரே வாயாகச் சொல்லிவிட்டன. லீவு எப்போது கிடைக்கும் என்பது முதலாளி காண்டாமிருகத்துக்கே தெரியாது. நடுவில் படுத்துவிட்டால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், ஊரில் பாதி கட்டின குகை மழையில் நனையும்.

கரடி நேரே இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஓணானிடம் போனது. ஓணான் செம்பு, வெள்ளி, தங்கம் என்று மூன்று பிளானை விரித்து வைத்தது. மூன்று அட்டையிலும் அதே முயல் குடும்பம்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, வெள்ளிப் பிளான்ல வயிறு கவர் ஆகுமா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"ஏற்கெனவே கல்லு இருக்கே, பரவாயில்லையா?"

அதற்கும் ஆட்டியது.

"முட்டி வலி? முதுகு வலி? கண்ணு கொஞ்சம் மங்கல்..."

ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. அடடா, இப்படியொரு தங்கமான ஏஜெண்டை எங்கே போய்த் தேடுவது! கரடி மனம் குளிர்ந்து, இருக்கிற வியாதி அத்தனையையும் ஒளிக்காமல் பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது.

ஒருநாள் டின்னைத் தூக்கும்போது வலி வந்து சுருண்டு விழுந்தது. ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் இருந்த நாரை கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தது.

"வயிறு கவர் ஆகாது சார். பாலிசிக்கு முன்னாடியே இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்த வியாதி. முட்டி, முதுகு, கண்ணு எதுவும் ஆகாது."

"அப்ப என்னதான்மா ஆகும்?"

"வால்."

கரடி ஓணானுக்குப் போன் போட்டது. "அடப் படுபாவி, நீ தலையாட்டுனியேடா!"

"அண்ணே, அது எனக்குப் பிறவியிலேயே அப்படித்தாண்ணே. சும்மா உக்காந்திருந்தாலும் ஆடும். நான் வாயைத் தொறந்து ஏதாச்சும் சொன்னேனா?"

வழக்கமான கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஓணான் கிணற்றில் விழ வேண்டும். விழவில்லை. அந்த மாதத்தின் சிறந்த ஏஜெண்ட் என்று கேடயம் வாங்கியது.

வலி தாங்காத கரடி மெல்ல எழுந்தது. தன் வால் எங்கே இருக்கிறது என்று தடவித் தேடிக் கண்டுபிடித்தது. அதை ஆஸ்பத்திரிக் கதவிடுக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கதவை ஓங்கி அறைந்தது. ஐயோ, அந்த அலறல்!

"வாலா சார்? உள்ள வாங்க, ஏசி ரூமே தர்றேன்" என்று நாரை ஓடி வந்தது.

உள்ளே இருந்த டாக்டர் கொக்கு, நல்லவேளை, மாயழகின் ஊர்க் கண்மாய்க்காரர். வாலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "ஏய்யா, இதை இன்னைக்கே எடுக்கலைன்னா உசுருக்கு ஆபத்துய்யா."

"அது கவர் ஆகாதே டாக்டர்" என்று கரடி அழுதது.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்தார். பிறகு கேஸ் சீட்டில் நிதானமாக எழுதினார்: 'கல், வாலில் உற்பத்தியாகி மேலேறி வயிற்றில் தங்கியுள்ளது.'

இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டது: "பாலிசி எடுத்த பிறகுதானே ஏறியது?"

"அதற்குப் பிறகுதான்" என்று கொக்கு பதில் போட்டார். அன்று சாயங்காலமே கல்லை எடுத்துவிட்டார்கள்.

நீதி: நோயாளி எப்போதும் உண்மையே பேச வேண்டும். பொய் எழுதுவது டாக்டரின் வேலை. அதற்குத்தான் அவர் அத்தனை வருஷம் படித்திருக்கிறார்.