மூச்சு விடக்கூடாத கார்

சிங்கப்பூரில் எத்தனையோ விதமான கார்களில் ஏறியிருக்கிறேன். ஏறுகிறவர்கள் மூச்சு விடக்கூடாது என்று சட்டம் போட்ட கார் ஒன்றே ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் வைப்பர் அண்ணன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆபீஸ் அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தஞ்சோங் பகாரில் நாங்கள் வேலை பார்த்த கப்பல் சரக்கு ஆபீசில் அவர்தான் கணக்குப் பிரிவு சீனியர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கிளமெண்டியில் எனக்கு அடுத்த ப்ளாக். நான் மதுரையிலிருந்து வந்த புதிதில், “எம்ஆர்டி ரயில்ல ஏன் தம்பி இடிபடுறீங்க? என்கூட வாங்க லா” என்று கூப்பிட்டார். ஓசி சவாரி என்று வாயெல்லாம் பல்லாக ஏறி உட்கார்ந்தேன்.

ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. முன்கண்ணாடியில் ஆவி படிவது அவருக்கு ஜென்மப் பகை. ஈரக்குடை டிக்கியில்தான் போக வேண்டும். கையில் சூடான கோப்பி இருந்தால் அதைக் குடித்து முடிக்கும் வரை கார் கதவு திறக்காது. மழை பிடித்துவிட்டால் பேச்சும் கூடாது. “ஒரு வார்த்தைக்கு இவ்ளோ தண்ணி வெளிய வருது தம்பி. அதான் கண்ணாடில போய் ஒட்டுது” என்று விரல் நுனியைக் காட்டி விளக்குவார். அதை விளக்கப் பத்து நிமிஷம் பேசுவார். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஏசியைக் கடைசி வரை திருகி, காற்றைக் கண்ணாடி மேலேயே திருப்பி வைத்திருப்பார். வலது கை ஸ்டீயரிங்கில், இடது கையில் மஞ்சள் துணி. துடைப்பு, ஓட்டம், துடைப்பு, ஓட்டம். பெயர் வந்த கதை இதுதான். நிஜமான வைப்பர் மேல் அவருக்கு மதிப்பே கிடையாது. மழை நின்ற அடுத்த நொடி அதை நிறுத்திவிடுவார். “காஞ்ச கண்ணாடில ஓட்டினா ரப்பர் தேஞ்சிடும்” என்பது அவர் கட்சி.

வைத்தியத்துக்கும் குறைச்சல் இல்லை. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தார். ஒரு வாரம் கார் முழுக்க போண்டா வாசனை. ஷேவிங் நுரையைத் தடவினார். பக்கத்துக் கார்க்காரர் இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முகச்சவரம் செய்வதாக நினைத்துக்கொண்டார். பிறகு, பூனை மலம் கழிக்கத் தட்டில் கொட்டி வைக்கும் அந்த வெள்ளைக் குருணை ஈரத்தை உறிஞ்சும் என்று எங்கோ கேட்டு, மூட்டை மூட்டையாக வாங்கி, பழைய காலுறைகளில் அடைத்து டாஷ்போர்டில் வரிசையாகப் படுக்க வைத்தார். வாராவாரம் வாங்கியதில் சூப்பர்மார்க்கெட் சீன ஆன்ட்டி பிரியமாகிவிட்டார். “அங்கிள், உங்க பூனை எப்படி இருக்கு?” என்று ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டார். கூச்சத்தில் இவர் “நல்லா இருக்கு” என்றார். அடுத்த வாரம் ஆன்ட்டி ஒரு டின் மீன் இலவசமாகக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தப் பூனைக்குப் பெயர் வந்தது, வயசு வந்தது, ஒருமுறை காய்ச்சல்கூட வந்தது. இல்லாத பூனைக்கு ஆபீசில் லீவு கேட்காததுதான் பாக்கி.

இதோடு, குளிர் நாட்டுக்குப் போன உறவுக்காரர் யாரோ கொடுத்த, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றும் காரில் இருந்தது.

“அண்ணே, சிங்கப்பூர்ல பனி உறையுமா?”

“உலகம் மாறிட்டு வருது தம்பி. நாளைக்கு உறைஞ்சா உங்ககிட்ட கரண்டி இருக்கா?”

இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் யாருக்கும் கண்ணாடியை விட்டுக்கொடுத்தவர் இல்லை. ஆயுத பூஜைக்குக் கோயில் வாசலில் காரை நிறுத்தினால், குருக்கள் சந்தனத்தோடு முன்கண்ணாடியை நெருங்கும்போது குறுக்கே போய் நிற்பார். “பம்பர்ல வைங்க சாமி. சாமி எல்லா இடத்துலயும் இருக்காருல்ல?” குருக்கள் முணுமுணுத்துக்கொண்டே குனிவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தார். என் கல்யாணத்தன்று.

சிராங்கூன் சாலைக் கோயிலில் முகூர்த்தம், காலை ஏழரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். எனக்கு இந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லாததால், ஐம்பத்தெட்டு வயசில் அவரே மாப்பிள்ளைத் தோழன். அதற்காகப் புதுப் பட்டுச் சட்டை எடுத்திருந்தார். கிளம்பும்போது, கல்யாணத்துக்காக மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில், வைப்பர் எட்டாத இடத்தில், பெரிய பெரிய சந்தனப் பொட்டாக வைத்துக் குங்குமமும் வைத்தார். அண்ணன் கை மஞ்சள் துணி வரை போய்த் திரும்பியது. “அம்மா வைக்கட்டும், பரவால்ல” என்றார்.

முன்னால் நான். பின்னால் அப்பா, அம்மா, பார்வதி அத்தை. அத்தை தூக்கத்தில்கூடப் பேசுகிற ரகம். கிளம்பியதுமே மழை பிடித்துக்கொண்டது. சட்டம் சொல்லப்பட்டது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

டோபி காட் வரும்போது மழை நின்றது. அண்ணன் வழக்கம்போல் வைப்பரை நிறுத்தினார். அவ்வளவுதான், கண்ணாடி வெள்ளையாகிப் போனது. துடைத்தார். போகவில்லை. ஏசியை இன்னும் திருகினார். இன்னும் வெள்ளையானது. ஓரமாக நிறுத்திவிட்டார்.

“ரோடு தெரியாம ஓட்ட மாட்டேன். மாப்பிள்ளைய ஏத்திட்டு வரேன், சாமானா ஏத்திட்டு வரேன்? எல்லாரும் மூச்சைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க.”

கம்மி பண்ணினோம். மாமனார் போன் செய்தார். பேசக்கூடாது என்று அண்ணன் தலையை ஆட்டினார், நான் கட் செய்தேன். மறுபடி அடித்தது, மறுபடி கட் செய்தேன். மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை, ஓடிப்போய்விட்டான் என்று அங்கே மண்டபத்தில் பேச்சுக் கிளம்பிவிட்டதாம். என் மாமியார் அழவே ஆரம்பித்துவிட்டாராம். இங்கே தாலி கட்ட வேண்டியவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனைக் குருணையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பின்சீட்டிலிருந்து அத்தை என் தோளை இடித்தார். கண்ணாடியைக் காட்டினார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். வெளியே காட்டினார். பேசக்கூடாதே. அத்தை வாந்தி எடுக்கப் போகிறார் என்று நினைத்து அப்பா ஒரு கவரை நீட்டினார். அத்தைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. முன்சீட்டுகளுக்கு நடுவே புகுந்து எட்டி, முன்கண்ணாடியின் உட்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடே விழவில்லை.

“ஏம்ப்பா, ஈரம் வெளிப்பக்கம்ல இருக்கு! உள்ள தேய்ச்சா எப்படிப் போகும்? வந்த நாள்லேருந்து ஏசி ரூமை விட்டு வெளிய வந்தா என் கண்ணாடி இப்படித்தான் மறைக்குது. உள்ள ஐஸ் பெட்டி மாதிரி வச்சிருந்தா வெளிய வேர்க்காம என்ன செய்யும்?”

காரில் நிஜமாகவே யாரும் மூச்சு விடவில்லை. அத்தனை வருஷமாக நான் வீணாய் அடக்கிய மூச்சையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அண்ணன் ஏசியைக் குறைத்தார். வைப்பரைப் போட்டார். அது ஒரு இழு இழுத்தது. அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்து கீழே வழிந்திருந்ததில் கண்ணாடி முழுக்க ஆரஞ்சு நிறமானது.

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மஞ்சள் துணியால் துடைத்தார்; துணியில் ஊறியிருந்த பழைய ஷேவிங் நுரைப் பிசுக்கு அதை இன்னும் இழுத்துவிட்டது. நான் தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து நீட்டினேன்.

“கல்யாணத் துண்டு தம்பி, அதுல கறை படக்கூடாது” என்றார். இறங்கினார். புதுப் பட்டுச் சட்டையைக் கழற்றினார். போத்தல் தண்ணீரை ஊற்றி, பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, பனியனோடு நின்று அந்தச் சட்டையாலேயே கண்ணாடியைப் பளிங்காகத் துடைத்தார்.

கெட்டிமேளத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். ஆல்பம் போடுகிற பையன், “சார், தாலி கட்டும்போது பக்கத்துல பனியனோட ஒருத்தர் நிக்கிறாரு. எடிட் பண்ணித் தூக்கிடவா?” என்று கேட்டான். என் மனைவிதான் முந்திக்கொண்டாள். “வேணும்னா இவரைத் தூக்குங்க. அவர் இருக்கட்டும்.”

இந்த ஊரில் காருக்கு அரசாங்கம் குறித்த ஆயுள் உண்டு. அது முடிந்து அண்ணன் அந்தக் காரை ஒப்படைத்துவிட்டார். நான் சின்னதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஏற்றிக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிடப் போவோம். மழை பிடித்தால் என் மனைவி தானாகவே பேச்சை நிறுத்திவிடுவாள், பின்சீட்டில் என் மகள் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்காருவாள்.

கண்ணாடியைத் தெளிய வைக்க என் காரில் ஒரு பட்டன் இருக்கிறது. அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் நான் அதைத் தொடுவதில்லை. “அண்ணே, ஒண்ணும் தெரியல, கொஞ்சம் துடைச்சு விடுங்க” என்பேன். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணி வெளியே வரும்.