நீர்ச் சிக்கனக் குழுவின் நூறு சத வெற்றி

உலகம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது அதைக் காப்பாற்றப் பதினோரு பேர் புறப்பட்டார்கள். பதினோரு பேரும் எங்கள் அடுக்குமாடியில் குடியிருந்தது உலகத்தின் அதிர்ஷ்டம். தலைவன் நான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலில் 'தண்ணிக் கமிட்டி' என்றுதான் பெயர். கூட்டம் முடிந்து வீடு திரும்பிய உறுப்பினர்களை மனைவிமார் வாயை ஊதிக் காட்டச் சொன்னதால், 'நீர்ச் சிக்கனக் குழு' என்று மாற்றினோம். 'தண்ணி' என்ற சொல்லுக்கு அன்றே தடை விதித்தோம்.

எங்கள் கண்ணில் முதலில் பட்டவர் கீழ்த்தளத்துத் தையல்காரம்மா. மொட்டைமாடியில் பதினாலு பழைய பெயிண்ட் வாளிகளில் தக்காளி, கத்தரி, கீரை வளர்த்தார். வாரத்தில் நாலு நாள் அவர் வீட்டில் கொதித்தது அந்த வாளிகளில் காய்த்ததுதான். விடியற்காலையில் காய் கழுவிய தண்ணீரைக் குவளையால் வேரடியில் ஊற்றுவார். மண் காயாமலிருக்கத் துணித் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். விஞ்ஞானம் மருந்துக்குக்கூட இல்லை.

"ஒரு செடிக்கு எத்தனை மில்லி ஊத்துறீங்க?" என்று கேட்டார் எங்கள் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. சொட்டுக் குழாய் விற்பவர். எங்களுக்கு அவர் 'சொட்டு'.

"விரல வச்சுப் பாப்பேன். காஞ்சிருந்தா ஊத்துவேன், ஈரமா இருந்தா விட்டுடுவேன்."

"விரலுக்குத் தரச்சான்று இருக்கா?"

இல்லை. எனவே குவளையைப் பறிமுதல் செய்தோம். துணித் துண்டுகள் 'அழகுக்கேடு' என்று குப்பைக்குப் போயின. வாளிக்கு வாளி சொட்டுக் குழாய் ஓடியது. மண் காய்ந்தால் தானே மோட்டாரைப் போடும் ஈரமானி ஒன்றும் வந்தது. வெயில் பட்டால் அது கெட்டுவிடும் என்று சொட்டு பதறினார். ஆகவே குழு அறையில், ஏசிக்குக் கீழே இருந்த பூந்தொட்டியில் பத்திரமாகக் குத்திவைத்தோம்.

வாரம் மூன்று கூட்டம். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். மிச்சத்தை வீணாக்கலாமா? அந்தப் பூந்தொட்டியிலேயே ஊற்றினோம். ஈரமானி 'ஈரம் போதும்' என்று பச்சை விளக்குக் காட்டியது. கைதட்டினோம்.

மாடிக் கதவையும் பூட்டினோம். தையல்காரம்மா தினமும் வந்து சாவி கேட்டார்.

"சார், பூ விட்ட செடி சார். ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

"பச்சை எரியுதேம்மா," என்றார் சொட்டு. "ஆராய்ச்சி நடக்கும்போது மனுஷங்க தலையிடக் கூடாது."

மூன்றே வாரம். செலவான நீர்: பூஜ்யம். சேமிப்பு: நூறு சதம். விருது தர அதிகாரிகள் வந்தார்கள். மாடிக் கதவைத் திறந்தால், பதினாலு வாளியிலும் சருகு. தையல்காரம்மா ஒவ்வொரு வாளி மண்ணையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் விருது கிடைக்க வேண்டுமே! குழுமேல் குறையில்லை என்று செடிக்காரர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

அவர் எனக்கு எழுதுவதுபோல நானே ஒரு கடிதம் தயாரித்தேன். பழியை மனிதர் யார் மேலும் போடாமல், வராத தண்ணீர் மேலேயே போட்டேன். அதுவும் தூய தமிழில்:

'தலைவர் அவர்களுக்கு, என் செடிகள் செத்ததற்குக் காரணம் நீரே. வேறு யாரும் இல்லை.'

"ஏதாச்சும் மாத்தணுமாம்மா?"

அவர் வாய்விட்டுப் படித்தார். 'நீரே' வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒரு எழுத்து மாத்த வேணாம் சார். மனசுல இருந்தத அப்படியே எழுதிட்டீங்க," என்று அழுத்திக் கையெழுத்துப் போட்டு என்னிடமே நீட்டினார்.