சல்பேட் இல்லாத ஆறு கிழமை

புருசன் றிஸானின் குரல்பதிவை ஸுஹைனா மூன்றாந்தரமும் போட்டுக் கேட்டாள்.

"புள்ள, நீ தலைக்கு என்ன ஷாம்பு போடுற? அதில சல்பேட் இரிக்கா இல்லயா? போத்தலப் பாத்துச் சொல்லு."

அவ்வளவுதான். சுகமா என்றில்லை, சாப்பிட்டாயா என்றில்லை. தோஹாவுக்குப் போன மூன்று வருசத்தில் ஷாம்பைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத மனிதன், ஊருக்கு வர ஆறு கிழமை, ஒன்றரை மாசம், இருக்கும்போது போத்தலைப் பார்க்கச் சொல்கிறான். பார்ப்பதற்குப் போத்தலும் இல்லை. காத்தான்குடியில் அவளுடைய தெரு மூலைக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பக்கட்டில் ஒன்றைக் கிழித்து வாங்கிவந்து போடுவதுதான் அவள் வழக்கம்.

அவளுடைய முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்கும் ஒற்றைப் பின்னல். வாசலைத் தாண்டினால் அபாயாவுக்குள் போய்விடும். அதை ஆசையோடு பார்க்க இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான். கலியாணமான புதிதில் அவன் அதைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டுத்தான் வேலைக்கே போவான். அவனே குறை கண்டுவிட்டானோ என்று ஸுஹைனா பின்னலை முன்னுக்கு எடுத்துப் பார்த்தாள்.

றிஸானின் தங்கை றுக்ஷானா பக்கத்து வளவில் இருக்கிறாள். நானா என்று அவள் கூப்பிடும் அண்ணனின் பதிவைக் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நானா சும்மா கேக்க மாட்டாரு மதினி. வீடியோவில ஒங்கட முடியப் பாத்திரிக்காரு. பிடிக்கல்ல. நேர சொல்ல வாய் வரல்ல."

அந்த இடத்திலேயே ஸுஹைனாவுக்கு வைராக்கியம் வந்தது. பழைய முடியை ஆறு கிழமைக்குள் கொண்டுவந்து அவன் கண்முன் காட்டாமல் விடுவதில்லை. சல்பேட் இல்லாததுதான் போடுகிறேன் என்று பதில் அனுப்பினாள். பொய்தான். ஆனால் அன்று பின்னேரத்துக்குள் அதை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தாள்.

மெயின் வீதி ஃபேன்ஸிக் கடையில் மதினியும் மச்சியுமாகப் போத்தல்களைத் திருப்பித் திருப்பி வாசித்தார்கள். முன்பக்கம் பூவும் இலையும் பெரிதாகச் சிரித்தன. பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்த பெயர்களை வாசிக்க, கெமிஸ்ட்ரி படித்த ஆள் ஒருவர் தேவைப்பட்டது. விற்கிற பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"ஒங்கட முடி என்ன மாதிரி ராத்தா?"

"கறுப்பு," என்றாள் ஸுஹைனா.

கறுப்பு வகையில் சேராதாம். வறண்டதா, பிசுக்கா, சுருளா என்று தெரிந்தால்தான் தோதானதை எடுக்கலாமாம். இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பி, றுக்ஷானாவின் போனில் கிடைத்த முறைப்படி ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒற்றை முடியைப் போட்டார்கள். மிதந்தால் ஒரு வகை, அமிழ்ந்தால் வறண்ட முடி. ஸுஹைனாவின் முடி இரண்டும் செய்யாமல் நடுத்தண்ணீரில் நின்றது. கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு றுக்ஷானா விரலால் கிளாஸைச் சற்றே தட்டிவிட்டாள், முடி அமிழ்ந்தது.

"பாத்தீங்களா, வறண்டதுதான்."

வறண்ட முடிக்கான போத்தல் வந்தது. சல்பேட் இல்லாதது நுரைக்காது என்பதை இரண்டு பேருமே அறிந்திருக்கவில்லை. நுரை வரட்டும் என்று ஊற்றி ஊற்றி அரைப் போத்தல் தீர்ந்தது. நுரை வரவில்லை, வைத்த தேங்காயெண்ணெய் போகவுமில்லை. ஷாம்பும் எண்ணெயும் சேர்ந்து ஒரு பசையாகிப் பின்னலில் குடியேறின. மூன்று நாளில் அது தோணி கட்டுகிற கயிறு மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து றிஸான் கேட்டான், எப்படி இருக்கிறது என்று.

"பட்டு மாதிரி இரிக்கி மச்சான்," என்றாள். போத்தலைப் படம் பிடித்தும் அனுப்பினாள்.

மறுநாள் வீடியோவில் வந்தான். வேலைத்தளத்து மஞ்சள் ஹெல்மட்டோடு, பின்னால் கிரேன் ஆட, அவசர அவசரமாகப் பேசினான். பேச்சின் நடுவில், முடி கொட்டவில்லையா என்று கேட்டான். ஸுஹைனா முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு முடிகூடக் கொட்டவில்லை என்றாள். போனை வைத்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த போத்தலுக்குக் கடைக்கு வெளிக்கிட்டாள்.

இம்முறை பிசுக்கு முடிக்கானது. அது பசையைக் கழற்றியது உண்மை. பசையோடு முடியில் இருந்த நல்ல குணம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டது. பின்னல் வீடு கூட்டுகிற தும்புத்தடியானது. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம், கோடையில் வாவிப்பக்கக் கிணறுகள் உப்பேறிச் சவர்த்துப்போகும் என்று றுக்ஷானா கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து ஸுஹைனா குடிக்க வாங்கும் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துத் தலைமுழுகினாள். அவளுடைய உம்மா, ஆசியா உம்மா, ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தார். பிறகு, குடிக்கத் தண்ணி வேணுமெண்டா இனி ஒண்ட தலையத்தான் பிழியணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் போத்தலின் படமும் தோஹாவுக்குப் போயிருந்தது. றிஸான் விடவில்லை. இரண்டாவது எப்படி, எத்தனை நாளைக்கு ஒருக்கால் போடுகிறாய் என்று கேட்டான். இவளும் விடவில்லை. மாஷா அல்லாஹ், முதலாவதைவிட இது திறம், ஒவ்வொரு நாளும் போடுகிறேன் என்றாள். இவ்வளவு நோண்டிக் கேட்கிறவனிடம் தோற்றுப்போக அவளுக்கு மனமில்லை.

அவன் வர இன்னும் பத்து நாள். போத்தலில் நம்பிக்கை போய், றுக்ஷானா வீட்டு மருந்துக்கு வந்தாள். வெண்டிக்காயை அவித்துப் பிழிந்த வழுவழுப்பு, செவ்வரத்தம் இலை, இரண்டு முட்டை. மருந்துக்குச் சல்பேட் என்றால் என்னவென்றே தெரியாது. தலையில் பூசியதும் குளுகுளுவென்று இருந்தது. ஸுஹைனாவுக்கு அவ்வளவு சந்தோசம். பூசிய தலையோடே போனை எடுத்து, முழுச் செய்முறையையும் றிஸானுக்குச் சொன்னாள். இதற்கு மிஞ்சின ஒன்று உலகத்திலேயே இல்லை என்றும் சொன்னாள்.

உடனே பதில் வந்தது. "பச்சத்தண்ணியிலயா சுடுதண்ணியிலயா கழுவுற?"

அவள் இன்னும் கழுவவில்லை. ஆனாலும் யோசித்து, அழுக்குப் போகச் சூடுதானே நல்லது என்று, "நல்ல சுடுதண்ணியில மச்சான்," என்றாள்.

பிறகு, சொன்னபடியே நல்ல சுடுதண்ணீரை வார்த்தாள்.

முட்டை தலையிலேயே அவிந்தது. வெண்டிக்காய்ப் பசை அதைப் பிடித்துக்கொண்டது. பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லும்வரை றுக்ஷானா சீப்பாலும் கையாலும் பிடுங்கிப் பார்த்தாள், இரண்டு சீப்பு உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் தையல் கத்தரிக்கோலை எடுத்தபோது ஸுஹைனா கண்ணை மூடிக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே இருந்த முடி தோளோடு நின்றது. வெட்டியதைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல அழுதாள்.

அழுது முடித்தபோது ஒரு தெளிவு வந்தது. ஒளிக்கப் போவதில்லை. பொய் சொன்னதையும் சொல்லி, வெட்டியதையும் காட்டி, நீங்க கேட்டுக் கேட்டுத்தான் இது நடந்தது என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது. பிடிக்காவிட்டால் அவன் பாடு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே வேன் வந்து நின்றது. றிஸான் இறங்கினான். கிரிக்கட் தொப்பி போட்டிருந்தான், மெலிந்திருந்தான். அவனோடு ஒரே அறையில் இருந்த பாலமுனை ஸியாமும் அதே வேனில் வந்திருந்தான். அவனை ஹோலில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ஸுஹைனா றிஸானோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று வருசத்துக்குப் பிறகு முகம் பார்க்கிற நேரம். முக்காட்டை எடுத்தாள்.

"நான் சொன்னது எல்லாம் பொய் மச்சான். ஒண்டும் சரிவரல்ல. இவ்வளவுதான் மிச்சம்."

றிஸான் அந்தத் தோளளவு முடியையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் கோபம் இல்லை. அடி வாங்கினவன் மாதிரி கட்டிலில் இருந்தான். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

தலை, கழுவி வைத்த பீங்கான் மாதிரி வழுக்கென்று இருந்தது. ஒரு முடி இல்லை.

ஸுஹைனாவுக்குத் தன் துக்கம் மறந்துபோயிற்று. என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். அவள் விறுவிறென்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஹோலுக்கு வந்து ஸியாமைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு வெயிலில் இவரை வேலை வாங்கினார்கள், தலை இப்படியாகும்வரை ஒரே அறையில் இருந்த நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள்.

ஸியாம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வெயிலால ஒண்டுமில்ல ராத்தா, முன்னுக்குக் கொஞ்சம் கொட்டத் தொடங்கினதுதான். 'எண்ட பொஞ்சாதிர முடியப் பாத்தியா, அவ போடுறதத்தான் நானும் போடுவன்' எண்டு நீங்க சொன்ன ஒவ்வொண்டையும் தேடி வாங்கிப் போட்டாரு. கடைசியா முந்தாநாள் அந்த முட்ட சுடுதண்ணியில அவிஞ்ச பிறகுதான், நாங்க நாலு பேராப் பிடிச்சு மொட்டையா வழிச்சம்."