பக்க விளைவுச் சான்றிதழ்

அலுவலகக் கண்காணிப்பாளர் வீட்டில் பென்சிலைச் சீவி, மருத்துவமனையில் கொடுத்த தாளின் வலது பத்தியில் ஒரு சரிக்குறி போட்டார்.

"என்னங்க போடறீங்க?" என்றாள் மனைவி.

"எரிச்சல். ஞாயித்துக்கிழமை வாசிக்க நான் எழுதின பேச்சு நீளம்னு சொன்னியே, அதுக்கு."

"நாப்பது பக்கம் நீளந்தாங்க."

இன்னொரு குறி போட்டார். "பிடிவாதம்."

ஹார்மோன் ஊசியின் பக்க விளைவுகள் அதில் இரண்டு பத்தியாக இருந்தன. ஆண்களுக்கு இடது, பெண்களுக்கு வலது. அச்சில் வந்த எதையும் அவர் சந்தேகித்ததில்லை. சனிக்கிழமைதோறும் இருவரும் போவார்கள். ஊசியைக் கண்டதும் இவர் இறுகக் கண்ணை மூடுவார். திறக்கும்போது அவள் வாசலில் நிற்பாள்.

"சிகிச்சை அவளுக்கு. நான் துணைக்குப் போறேன். போன இடத்துல நானும் ஒண்ணு போட்டுக்கறேன்" என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தார்.

இடது பத்தி மட்டும் வெள்ளையாகவே இருந்தது. நெற்றியிலிருந்த ஏழு பருக்களும் புழுக்கத்தில் வந்தவை. லிஃப்டை உதைத்தது லிஃப்டின் குற்றம்.

வரும் ஞாயிறு மேலதிகாரி வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். அடுத்த கிளைத் தலைவர் யார் என்பது அவர் கையில். மனைவி வாயைத் திறந்தால் பதவி போச்சு.

முன்னெச்சரிக்கையாக அலுவலகத் தட்டச்சுக்காரப் பெண்ணிடம் சொன்னார். "வீட்டம்மாவுக்கு ஊசி. ஏதாவது சொன்னா காதுல போட்டுக்காதம்மா."

அவள் பதறிப்போய் நலம் விசாரிக்க வீட்டுக்குப் போன் செய்தாள். பேச்சுவாக்கில், போன வருட ஆண்டறிக்கையை உண்மையில் எழுதியது யார் என்பது மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

அது காதுக்கு வந்ததும் கண்காணிப்பாளர் நேராக மேலதிகாரியின் அறைக்கே ஓடினார்.

"சார், ஞாயித்துக்கிழமை என் மனைவி என்ன சொன்னாலும் அது ஊசி பேசறதா எடுத்துக்கணும்."

மேலதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "புரியுது. நீங்க உடம்பப் பாத்துக்குங்க" என்று தோளைத் தட்டினார்.

என்ன பெருந்தன்மை என்று கண்காணிப்பாளருக்குக் கண் கலங்கியது.

ஞாயிறு வந்தது.

"அந்த அறிக்கைய இவர் எழுதலைங்க சார்" என்றாள் மனைவி, பரிமாறிக்கொண்டே. "டைப் அடிக்கிற பொண்ணு எழுதினது. இவர் கையெழுத்து மட்டும்."

கண்காணிப்பாளர் மேலதிகாரியைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஊசி, சார்."

"சீக்கிரம் சாப்பிடுங்க சார். பின்னாடி நாப்பது பக்கம் வாசிக்கப் போறார்."

"வாய மூடுடீ." கண்காணிப்பாளர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர் ஜாடி உருண்டு மேலதிகாரியின் மடியில் கவிழ்ந்தது.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றார் மேலதிகாரி, கால்சட்டையைப் பிழிந்தபடி. "எனக்கு எல்லாம் தெரியும்."

தெரிந்தால் போதுமா? எழுத்தில் வேண்டாமா? திங்கள் காலை மருத்துவமனை திறக்கும்போதே கண்காணிப்பாளர் வாசலில் நின்றார்.

"என் மனைவி ஆண்டறிக்கையப் பத்திச் சொன்னதெல்லாம் பக்க விளைவுதான்னு ஒரு சான்றிதழ் வேணும். முத்திரையோட. மேலதிகாரிகிட்ட குடுக்கணும்."

நர்ஸ் பதிவேட்டைத் திறக்கக்கூட இல்லை.

"அம்மாவுக்கு ஊசியே கிடையாதே சார், உங்களுக்குத் துணைக்குத்தானே வராங்க, உங்க மேலதிகாரிகிட்ட குடுக்கணும்னு உங்க பேருக்குத்தான் போன வாரமே பக்க விளைவுச் சான்றிதழ் வாங்கிட்டுப் போனாங்களே."